ஐஸ் விழவில்லை: சென்சாரின் பழுதா, சென்சார் சொல்லும் செய்தியா?

ஃப்ரீசரில் மீன் கல்லாக உறைந்திருக்கிறது, கீழ்த்தட்டில் பால் சில்லென்று இருக்கிறது. ஐஸ் மேக்கர் மட்டும் ஒரு கட்டிகூடப் போடவில்லை. இந்த நிலையில் பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது 'சென்சார் போயிருக்கும்' என்பதுதான். தானாக ஐஸ் போடும் வீட்டு ஃபிரிட்ஜை அமெரிக்காவின் செர்வெல் நிறுவனம் 1953-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐஸ் நின்றுபோனால் குற்றம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது. பழுதுபார்ப்பவர்களும் தயாரிப்பாளர்களும் இதற்குப் பல விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். கம்பி போட்டுப் பார் என்றது ஒரு தலைமுறை. மின்தடையை அளந்து பார் என்றது அடுத்தது. திரையில் வரும் குறியீட்டை நம்பு என்பவர்கள் உண்டு. விழுந்த கட்டியின் உருவத்தைப் பார் என்பவர்கள் உண்டு. எதையும் பார்க்காமல் மொத்தமாக மாற்றிவிடு என்பவர்களும் உண்டு.

விடைகள் இத்தனை ஆனதற்குக் காரணம் இருக்கிறது. சென்சார் கெட்டுப்போனாலும், சென்சார் நன்றாக இருந்து அது அளக்கும் நிலைமை கெட்டுப்போனாலும், கன்ட்ரோல் போர்டுக்குப் போய்ச் சேரும் சிக்னல் பல நேரங்களில் ஒன்றே. தட்டு மைனஸ் 3 டிகிரியில் நிற்கிறது என்று சென்சார் சொன்னால், தட்டு உண்மையிலேயே அப்படி இருக்கலாம். சென்சார் தப்பாகவும் சொல்லலாம். இரண்டையும் பிரித்தறிய போர்டுக்கு வழியில்லை. கண்டறியும் முறைகளை எடைபோட இதுவே சரியான அளவுகோல் என்று தோன்றுகிறது: எந்த முறை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது, எது காட்டவில்லை?

ஒரே பெயரில் நான்கு கருவிகள்

சென்சார் என்று பொதுவாகச் சொன்னாலும் ஐஸ் மேக்கரில் வேலை செய்பவை வெவ்வேறு கருவிகள். முதலாவது, தட்டின் வெப்பநிலையை உணர்வது. பழைய வகைகளில் இது இரு உலோகத் தகடு சேர்ந்த பைமெட்டல் தெர்மோஸ்டாட், புதியவற்றில் வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர். இரண்டாவது, கூடை நிறைந்துவிட்டதா என்று பார்ப்பது. கட்டிகளின் மேல் இறங்கித் தொட்டுப் பார்க்கும் கம்பிக் கையாகவோ, கூடையின் குறுக்கே பாயும் அகச்சிவப்பு ஒளிக்கற்றையாகவோ அது இருக்கும். மூன்றாவது, தட்டைத் திருப்பும் மோட்டார் தொடக்க நிலைக்குத் திரும்பிவிட்டதா என்று சொல்லும் சுவிட்ச் அல்லது ஹால் சென்சார். நான்காவது சில மாடல்களில் மட்டும் உண்டு: உள்ளே வரும் தண்ணீரின் அளவைச் சொல்லும் ஃப்ளோ மீட்டர்.

இவற்றில் அதிகக் குழப்பம் தருவது முதலாவது. நீர் 0 டிகிரியில் உறையத் தொடங்கினாலும் கட்டியின் நடுப்பகுதி இறுக நேரம் பிடிக்கும். அதனால் தட்டின் வெப்பநிலை மைனஸ் 8, 9 டிகிரி வரை இறங்கிய பிறகே கட்டியைத் தள்ள அனுமதி கிடைக்கும்படி பல இயந்திரங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சில டிகிரி இடைவெளிக்குள்தான் பெரும்பாலான சிக்கல்கள் இருக்கின்றன.

கம்பி போட்டுப் பார்க்கும் வழி

வேர்ல்பூல் குழுமத்தின் மாடுலர் ஐஸ் மேக்கர் அமெரிக்க வீடுகளில் பல பிராண்டுப் பெயர்களில் பரவிய ஒன்று. அதன் முன்மூடியைக் கழற்றினால் எழுத்துகள் பொறித்த சின்னச் சின்னத் துளைகள் தெரியும். 'டி', 'எச்' என்ற இரண்டு துளைகளை ஒரு காப்பிட்ட கம்பியால் சில நொடிகள் இணைத்தால், பைமெட்டலைத் தாண்டி மின்சாரம் நேரே மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் போகும். மோட்டார் சுற்றத் தொடங்கினால் அதுவும் அதன் மின்சுற்றும் நலம். மற்றத் துளைகளில் மீட்டரை வைத்து ஹீட்டரின் தடையையும் அளந்துவிடலாம்: சுமார் 72 ஓம், அதாவது அமெரிக்க மின்னழுத்தத்தில் 185 வாட் அளவு. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 3 நிமிடம். சுற்றின் முடிவில் ஏழெட்டு நொடி வால்வு திறந்து 140 மில்லி அளவு தண்ணீர் வரும்.

இவ்வளவு தெளிவான ஒரு சோதனையை அதற்குப் பின் வந்த எந்த ஐஸ் மேக்கரும் பழுதுபார்ப்பவர் கையில் கொடுக்கவில்லை என்று சொன்னால் மிகையாகாது. ஆனாலும் அது நிறுவுவது எதை? கம்பி போட்டதும் மோட்டார் சுற்றினால் பைமெட்டல் மூடவில்லை என்று தெரிகிறது, அவ்வளவுதான். ஃப்ரீசர் மைனஸ் 10 டிகிரியில் தத்தளிக்கும்போது, தட்டு வேண்டிய அளவுக்குக் குளிராமல் பைமெட்டல் மூடாதிருப்பது அதன் கடமை. அதைக் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்த வீடுகளில் புதிய பைமெட்டலும் அதே வேலையைத்தான் செய்யும். எனவே கம்பி போடுவதற்கு முன் தட்டின் மேல் ஒரு தெர்மாமீட்டர் வைக்க வேண்டும் என்று கவனமான கையேடுகள் வலியுறுத்துகின்றன. துளைகளில் ஓடுவது வீட்டு மின்சாரம் என்பதும், துளை மாறினால் ஷார்ட் ஆகிவிடும் என்பதும் தனி எச்சரிக்கை.

தெர்மிஸ்டர் வந்ததும் இந்த வழி அடைபட்டது. தெர்மிஸ்டரின் இரண்டு முனைகளையும் இணைத்தால் போர்டு அதைக் கடும் வெப்பமாகப் படிக்கும். கழற்றிவிட்டால் கடும் குளிராக. இரண்டையுமே பிழை என்று ஒதுக்கும்படி போர்டுக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். ஐஸ் மேக்கரை அப்படி ஏமாற்றி இயக்க முடியாது.

ஓம் கணக்கு

சூடேறினால் சில பொருள்களின் மின்தடை குறையும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1833-இல் வெள்ளி சல்ஃபைடில் கண்டார். அந்தக் குணத்தை வணிகக் கருவியாக்கிய பெருமை 1930-இல் சாமுவேல் ரூபனுக்குப் போகிறது. இன்று ஐஸ் மேக்கர் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் அரிசி அளவு மணி அதன் வழித்தோன்றல். மெக்கானிக்குகள் நடுவே மிகுந்த மதிப்புள்ள முறை இதன் மீதே எழுந்தது: பிளக்கைப் பிடுங்கு, கனெக்டரைக் கழற்று, மல்டிமீட்டரில் தடையை அள, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடு.

இதன் வலிமை, சென்சாரைப் போர்டின் வாயிலாகப் பார்க்காமல் நேரடியாகக் கேட்பது. வெளியே உள்ள ஓர் உறுதியான அளவோடு ஒப்பிடவும் முடிகிறது. பொடித்த ஐஸைக் கொஞ்சம் தண்ணீரோடு கலக்கி, சென்சார் மணியை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அதில் சில நிமிடம் அமிழ்த்தினால், அது 0 டிகிரியில் இருக்கிறது என்பதற்கு வேறு தெர்மாமீட்டர் தேவையில்லை. 25 டிகிரியில் 5 கிலோ ஓம் காட்டும் பரவலான ஒரு வகை, ஐஸ் நீரில் 16 கிலோ ஓமைச் சற்றே தாண்டும். மைனஸ் 10 டிகிரியில் 27, 28 கிலோ ஓம் ஆகும். எல்லா நிறுவனங்களும் இதே மணியைப் பயன்படுத்துவதில்லை. 25 டிகிரியில் 2.7 கிலோ ஓம் காட்டுபவையும் உண்டு. ஒரு பிராண்டின் அட்டவணையை மற்றொன்றின் மேல் வைத்து நல்ல சென்சாரைக் கெட்டது என்று சொல்லிவிடுவது எளிது. சரியான அட்டவணை பல அமெரிக்க ஃபிரிட்ஜ்களில் கீழ்ப்புறத் தட்டியின் பின்னாலோ மேல் கீல் மூடியின் அடியிலோ மடித்துச் செருகப்பட்ட தாளில் இருக்கும். அதைத் தொலைக்காமல் வைத்திருப்பது பெரிய உதவி.

இந்த முறையின் பலவீனம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதனால் இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம். பலர் சென்சாரைக் கழற்றி மேசையில் வைத்து, அறை வெப்பத்தில் அளந்து, அட்டவணையோடு ஒத்துப்போனால் நல்லது என்று முடிவு செய்கிறார்கள். கனெக்டரில் ஈரம் கசிந்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே 100 கிலோ ஓம் அளவில் ஒரு கள்ள வழி உண்டாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அறை வெப்பத்தில் 5 கிலோ ஓமுக்கு இணையாக அது நிற்கும்போது மீட்டர் 4.76 காட்டும். வித்தியாசம் 5 சதவீதம், வெப்பத்தில் ஏறக்குறைய 1 டிகிரி. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே கள்ள வழி மைனஸ் 10 டிகிரியில் 27.6 கிலோ ஓமை 21.6 ஆக்கிவிடும். போர்டு அதைச் சுமார் மைனஸ் 5 என்று படிக்கும். கட்டி இறுகிக் கிடந்தும் தள்ளும் கட்டளை வராது.

கனெக்டரில் துரு ஏறிக் கூடுதல் தடை தொடராகச் சேர்ந்தால் கதை தலைகீழ். ஒரு கிலோ ஓம் துரு அறை வெப்பத்தில் 4 டிகிரிக்கு மேல் பிழை காட்டி அஞ்ச வைக்கும். உறைநிலைக்குக் கீழே ஒரு டிகிரிகூட ஆகாது. ஆக, மேசைச் சோதனை தீங்கில்லாத பழுதைப் பெரிதாகக் காட்டி, தீங்குள்ள பழுதை மறைக்கிறது. போதாக்குறைக்கு, கழற்றி மேசைக்குக் கொண்டுவருவதற்குள் ஈரமும் உலர்ந்துவிடும். சென்சாரை அதன் இடத்திலேயே, குளிர்ந்த நிலையிலேயே, போர்டின் பக்கத்துக் கனெக்டரில் இருந்து கம்பியோடு சேர்த்து அளப்பது இதனால்தான் மேலானது. மின்சாரத்தைத் துண்டித்த பின், தட்டு சூடேறுவதற்குள் அளக்க வேண்டும்.

திரையில் வரும் எழுத்துகள்

போர்டே நோயைச் சொல்லிவிடும் என்பது அடுத்த நிலைப்பாடு. எல்ஜி ஃபிரிட்ஜ்களின் திரையில் 'இஆர் ஐஎஸ்' என்று வந்தால் ஐஸ் மேக்கர் வெப்பநிலை சென்சாரின் சுற்றில் கோளாறு. 'இஆர் ஐடி' என்றால் கோளாறு ஐஸ் மேக்கரின் இயக்கப் பகுதியில். மற்ற நிறுவனங்களும் தத்தம் எழுத்துகளை வைத்திருக்கின்றன.

இந்தக் குறியீடு பிறக்கும் விதத்தைப் பார்த்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். போர்டு ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தெர்மிஸ்டருக்கும் ஒரு நிலையான தடைக்கும் பங்கிட்டு, நடுவில் கிடைக்கும் அளவைப் படிக்கிறது. அது இரு எல்லைகளில் ஒன்றை ஒட்டிப் போனால்தான், அதாவது சுற்று அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான், பிழை என்று அறிவிக்கிறது. நடுவில் எந்த எண் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். மேலே சொன்ன 5 டிகிரிப் பிழை எந்தக் குறியீட்டையும் எழுப்பாது. குறியீடு வந்தால் சுற்றில் ஏதோ அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வராததால் சென்சார் நலம் என்று சொல்ல முடியாது.

குறியீடு வந்தபோதும் அது சுட்டுவது சுற்றை. மணியை மட்டும் அல்ல. ஐஸ் மேக்கரைக் கதவிலேயே வைத்திருக்கும் மாடல்களில் கம்பிக்கட்டு கீல் வழியாகப் போகிறது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அது மடங்குகிறது. போர்டு பக்கத்தில் மீட்டரை மாட்டிக்கொண்டு கதவை மெதுவாகத் திறந்து மூடினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் எண் எகிறிக் குதிப்பதைச் சில வீடுகளில் காணலாம். அங்கே புது சென்சார் வாங்கிப் பயனில்லை.

கட்டியைப் பார்த்துச் சொல்பவர்கள்

அனுபவமுள்ள சில மெக்கானிக்குகள் மீட்டரை எடுப்பதற்கு முன் கூடையில் கிடக்கும் ஐஸைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே தண்ணீர் என்று கட்டி வந்தால், அது நேரத்துக்கு முன்பே தள்ளப்பட்டிருக்கிறது. உடைந்த ஓட்டில் இருந்து வழிந்த தண்ணீர் கூடைக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாக்கியிருக்கும். தட்டைத் திருகிக் கட்டியை உதிர்க்கும் வகைகளில் தெர்மிஸ்டர் தட்டின் அடிவயிற்றில் பதிந்து, அதன்மேல் காப்பு நுரைத்துண்டு ஒன்று மூடியிருக்கும். அந்த நுரை நழுவினால் விசிறியின் குளிர்காற்று மணியை நேரே தாக்கும். தட்டில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்க, மணி மட்டும் மைனஸ் 12 டிகிரியில் இருக்கும். அதன் தடையை அளந்தால் அட்டவணை பிசகாது. அது பொய் சொல்லவில்லை. தப்பான இடத்தின் வெப்பத்தைச் சொல்கிறது. மேசைச் சோதனையாலும் குறியீட்டாலும் கண்டுபிடிக்க முடியாத இந்தப் பழுதைக் கட்டியின் உருவம் காட்டிக் கொடுக்கிறது. அந்த வகையில் இந்தப் பழைய கண்ணுக்கு உரிய மதிப்பு இன்னும் தரப்படவில்லை என்பது என் கருத்து.

ஒரே அடையாளத்துக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருக்கலாம் என்பது இதன் குறை. சிறுத்த கட்டி குறைந்த தண்ணீரால் வரும். வால்வு வடிகட்டி அடைத்திருக்கலாம், ஃபில்டர் பழசாகியிருக்கலாம். கட்டியே இல்லை என்றால் உருவத்தைப் பார்க்கவும் வழியில்லை.

கூடை நிறைந்ததைப் பார்க்கும் ஒளி சென்சார் விஷயத்தில் கண் இன்னும் நேரடியாக உதவுகிறது. எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்று ஒளியை அனுப்ப, மற்றொன்று வாங்குகிறது. ஒளி தடைபட்டால் கூடை நிறைந்துவிட்டது என்று கருதி ஐஸ் மேக்கர் நின்றுவிடும். லென்ஸின் மேல் படிந்த பனிப்படலமும் இடையே சிக்கிய ஒற்றைக் கட்டியும் நிறைந்த கூடையும் அதற்கு ஒன்றுதான். வேர்ல்பூல் வகை மாடல்களில் வாங்கும் பக்கத்து மடிப்பைக் கையால் அழுத்திக்கொண்டு சிவப்பு விளக்கைக் கவனித்தால், ஒளி சேர்கையில் நிலையாக எரியும். சேராவிட்டால் இரண்டு முறை சிமிட்டி நிற்கும். சிமிட்டினால் முதலில் லென்ஸ்களைத் துடைத்துப் பார்ப்பதே முறை. துடைத்த பிறகும் மாறாவிட்டால் பலகை இரண்டையும் சேர்த்தே மாற்றுவார்கள்.

மொத்தமாக மாற்றிவிடுவது

சென்சாரைத் தனியே தேடுவது வீண், ஐஸ் மேக்கரையே மாற்றிவிடு என்பது சேவை மையங்களின் நடைமுறை விடை. பல மாடல்களில் தட்டு, மோட்டார், தெர்மிஸ்டர் எல்லாம் ஒரே தொகுதியாக விற்கப்படுவதால் இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மெக்கானிக்கின் நேரமும் விலைதான். ஆனால் மாற்றியதும் ஐஸ் விழுந்தது என்பதால் பழைய சென்சார் கெட்டிருந்தது என்று நிரூபணம் ஆகாது. கழற்றி மாட்டும்போது ஃபிரிட்ஜ் சில மணி நேரம் அணைந்திருந்து, தட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஃபில் டியூபில் உறைந்திருந்த அடைப்பு உருகியிருக்கலாம். தளர்ந்த கனெக்டர் இறுகியிருக்கலாம். சில வாரங்களில் அதே குறை திரும்பி வரும் வீடுகளில் இந்த ஐயம் வலுக்கிறது.

சட்டம் இங்கே மெல்ல நுழைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஃபிரிட்ஜ்களின் வெப்பநிலை சென்சார்களும் சர்க்யூட் போர்டுகளும் அந்த மாடலின் கடைசி விற்பனைக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டுகள் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் உதிரி பாகங்களோடு பழுதுபார்க்கும் ஆவணங்களையும் கேட்கிறது. கண்டறியும் முறைகளைப் பொறுத்தவரை ஆவணம்தான் அதிக முக்கியம். ஓம் அட்டவணை கையில் இல்லாதவருக்கு மல்டிமீட்டர் வெறும் எண்தான் காட்டும்.

தண்ணீர் வராத வீடுகள்

நம் ஊரில் 'ஐஸ் மேக்கர்' என்று விற்கப்படும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது கையால் திருகும் தட்டு. அதில் சென்சாரே கிடையாது. குழாய் இணைப்புள்ள பெரிய சைட்-பை-சைட் வகைகளில்தான் இந்தக் கேள்வி எழுகிறது. அங்கே சென்சார்மேல் விழும் பழி சில நேரம் மொட்டைமாடித் தொட்டிக்கு உரியது. தண்ணீர்த் தொட்டி ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 14 பிஎஸ்ஐ அழுத்தம் தரும். ஐஸ் மேக்கர் வால்வுகள் பொதுவாகக் குறைந்தது 20 பிஎஸ்ஐ கேட்கின்றன. பல கையேடுகள் அதற்கும் மேலே சொல்கின்றன. 20 பிஎஸ்ஐக்கே சமையலறைக்கு மேலே 14 மீட்டர் உயரத்தில் தொட்டி வேண்டும். இரண்டு மாடி வீட்டில் அது இராது. நேரக் கணக்கில் திறந்து மூடும் வால்வில் அந்த நொடிகளுக்குள் அரைக் கிண்ணம்கூட வராது. பூஸ்டர் பம்ப் இல்லாத வீடுகளில், சென்சாரை அளப்பதற்கு முன் தண்ணீர்க் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்ப்பது நல்லது. போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு வால்வின் நுண்வலையில் படிவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் தீராதவை

இந்த முறைகளில் ஒன்று மற்றவற்றை வென்றுவிட்டதாகச் சொல்ல இடமில்லை. அறுந்த, ஷார்ட் ஆன சுற்றுகளுக்குக் குறியீடும் ஓம் அளவும் போதும். ஃப்ரீசரின் குளிரையும் தண்ணீர் வரத்தையும் முதலில் உறுதி செய்துகொண்டு, கட்டியின் உருவத்தைப் பார்த்து, பிறகு சென்சாரை அதன் இடத்திலேயே குளிரில் அளப்பது என்ற வரிசை தவறான தீர்ப்புகளைக் கணிசமாகக் குறைக்கும் என்றே தோன்றுகிறது. வெளியில் உள்ள ஓர் உண்மையோடு சென்சாரின் சொல்லை ஒப்பிடுவது அந்த வரிசையில்தான் முழுமையாக நடக்கிறது.

வந்து வந்து போகும் பழுதுகள் இந்த வரிசைக்கும் எளிதில் பிடிபடுவதில்லை. பனி நீக்கும் நேரத்தில் மட்டும் ஈரமாகும் கனெக்டர், மெக்கானிக் வந்து நிற்கும் மதியத்தில் உலர்ந்திருக்கும். சென்சார் படித்த எண்களை ஓரிரு நாள் சேமித்து வைத்துக் காட்டும் வசதி போர்டில் இருந்தால் இது பெருமளவு தீரும். போர்டு அந்த எண்களை எப்படியும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது; பயனருக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. உதிரி பாகங்களுக்காக எழுந்த சட்டங்கள் இந்தத் தரவையும் கேட்குமா என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரியலாம். தட்டுக்கும் மணிக்கும் இடையிலான தொடர்பு காலப்போக்கில் எவ்வளவு தளர்ந்தால் ஓட்டுக்கட்டி விழத் தொடங்கும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. மணி சரி, கம்பி சரி, போர்டு சரி என்று மூன்றும் தேறிய பிறகும், பசையும் நுரையும் தம் வேலையைச் செய்கின்றனவா என்று வீட்டில் அளந்து சொல்ல இன்றைய மீட்டரில் இடமில்லை.